அமெரிக்கக் கும்பல் கொலைகள்: ‘ஆத்திரம்’ என்ற சொல் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவில் கறுப்பின மக்கள் மீது நடத்தப்பட்ட ‘லிஞ்சிங்’ என்னும் கும்பல் கொலைகளைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் பேசப்படாத ஒரு வரலாற்றுக்கு முழுப்பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் அந்தக் கட்டுரையில் மூன்று இடங்களில் ‘ஆத்திரமடைந்த கும்பல்’ என்றும், ஓரிடத்தில் ‘கட்டுக்கடங்காத கூட்டம்’ என்றும் எழுதப்பட்டிருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தச் சொற்களைக் கண்டும் காணாமல் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. கட்டுரையாளரின் நோக்கத்தில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அவர் கொன்றவர்களைக் கண்டிக்கவே அப்படி எழுதியிருக்கிறார். ஆயினும் அந்தச் சொல், கொன்றவர்கள் தங்களுக்காகத் தாங்களே தேடிவைத்துக்கொண்ட சாக்கு என்பதை வாசகர்கள் அறிய வேண்டும்.

ஆத்திரம் என்பது திடீரென்று வருவது, வந்த வேகத்தில் தணிவது. 1919 ஜூன் 26 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் எல்லிஸ்வில் என்ற ஊரில் நடந்தது அப்படிப்பட்டதன்று. ஜான் ஹார்ட்ஃபீல்ட் என்ற கறுப்பினத்தவரை அன்று மாலை 5 மணிக்குக் கூட்டம் கொல்லப்போகிறது என்று, மாநிலத் தலைநகர் ஜாக்சனில் அச்சான நாளிதழ் முன்கூட்டியே செய்தி வெளியிட்டது. திருவிழாவுக்கும் பொதுக்கூட்டத்துக்கும் நேரம் குறிப்பதைப் போல ஒரு மனிதனின் சாவுக்கு நேரம் குறித்திருந்தார்கள். மாநில ஆளுநர் தியோடர் பில்போவோ, தன்னால் அதைத் தடுக்க இயலாது என்று சொல்லிவிட்டார். சொன்ன நாளில், ஆயிரக்கணக்கானோர் கூடியிருக்க, கொலை நடந்தது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 1899-ல், ஜார்ஜியா மாநிலத்தின் நியூனன் ஊரருகே சாம் ஹோஸ் என்பவர் எரித்துக் கொல்லப்பட்டபோது, வேடிக்கை பார்க்க விரும்பியவர்களை அட்லாண்டாவிலிருந்து ஏற்றிவரச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. ரயில் விடுவதற்கு இன்ஜின் வேண்டும், ஓட்டுநர் வேண்டும், பயணச்சீட்டு விற்க ஆள் வேண்டும். இத்தனையும் ஏற்பாடு செய்யும் நிதானம் ஆத்திரக்காரனுக்கு ஏது?

டெக்சாஸின் வேகோ நகரில் 1916 மே 15 அன்று நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜெஸ்ஸி வாஷிங்டனுக்கு அப்போது வயது 17. பண்ணைக் கூலியாக இருந்த, எழுதப் படிக்கத் தெரியாத பையன். கொலை வழக்கில் அவனை விசாரித்த ஜூரிகள் ஏறத்தாழ நான்கு நிமிடங்களில் குற்றவாளி என்று முடிவு சொன்னார்கள். மரண தண்டனை உறுதியாகிவிட்ட பிறகும் நீதிமன்றத்துக்குள்ளிருந்து அவனை வெளியே இழுத்துச் சென்று, நகர மன்றக் கட்டடத்தின் முன்னால் தீயிலிட்டார்கள். 10,000-க்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தார்கள். மேயரும் காவல் துறைத் தலைவரும் அங்கேயே இருந்து பார்த்தார்கள். ஊரின் தொழில்முறைப் புகைப்படக்காரர் எடுத்த படங்கள் அஞ்சலட்டைகளாக விலைபோயின. இத்தகைய அட்டைகளைத் தபாலில் அனுப்ப மத்திய அரசு 1908-லேயே தடை விதித்திருந்தும் விற்பனை நின்றபாடில்லை. அந்தப் படங்களில் இருப்பவர்கள் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. தொப்பியும் கழுத்துப்பட்டையும் அணிந்து, கேமராவை நேராகப் பார்த்து நிற்கிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள்.

இப்படி முகம் தெரிய நின்றவர்களைத்தான் அமெரிக்கச் சட்டம் அடையாளம் தெரியாதவர்கள் என்றது. உடலைப் பார்த்து மரணத்தின் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டிய அதிகாரிகள், ஊர் ஊராக, ஆண்டுக்கணக்காக, ‘அடையாளம் தெரியாத நபர்களின் கையால் மரணம்’ என்ற ஒரே வாசகத்தை எழுதிக் கோப்பை மூடினார்கள். தமிழ்ச் செய்தித்தாள் படிக்கும் நம் எல்லோருக்கும் பழகிப்போன தொடர்தான் அது. அதனால்தான் அதைப் படிக்கும்போது கூடுதலாக உறுத்துகிறது. நம் மொழியின் செயப்பாட்டு வினையும் இதற்குத் தோதாக அமைந்துவிடுகிறது. ‘கொல்லப்பட்டார்’ என்று எழுதிவிட்டால் கொன்றவர் யார் என்று சொல்லாமலே வாக்கியம் நிறைவடைந்துவிடும். மேலே நானே அப்படி எழுதியிருக்கிறேன்.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டஸ்கிகீ கல்வி நிலையம் 1882 முதல் 1968 வரை திரட்டிய பதிவுகளின்படி 4,743 பேர் கும்பல்களால் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 3,446 பேர் கறுப்பினத்தவர். அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகரிலிருந்து இயங்கும் ‘ஈக்வல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ்’ என்ற சட்ட உதவி அமைப்பு, 1877-க்கும் 1950-க்கும் இடையே இனவெறிக் கொலைக்கு ஆளான கறுப்பினத்தவர் மட்டும் 4,400-க்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறது. 1871-ல் லாஸ் ஏஞ்சலிஸில் சீனர்களும், 1891-ல் நியூ ஆர்லியன்ஸில் 11 இத்தாலியர்களும், டெக்சாஸின் எல்லைப் பகுதிகளில் மெக்சிகோ வம்சாவளியினரும் இதே முறையில் மாண்டார்கள். ஆனாலும் உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் வாக்களிக்கவும் நிலம் வாங்கவும் கடை வைக்கவும் தொடங்கிய தென்மாநிலங்களில், அவர்களைப் பழைய இடத்திலேயே நிறுத்திவைக்கும் கருவியாகத்தான் இது நிலைத்தது.

‘கடை வைக்கவும்’ என்று நான் எழுதியது பேச்சுவாக்கில் அன்று. மெம்பிஸ் நகரின் புறத்தே தாமஸ் மாஸ் என்ற தபால்காரர் தம் நண்பர்களோடு பங்கு சேர்ந்து ‘பீப்பிள்ஸ் குரோசரி’ என்ற மளிகைக் கடையைத் தொடங்கினார். பகலில் தபால் பட்டுவாடா, மாலையில் கடை. அதுவரை அந்தப் பகுதியில் போட்டியின்றி வியாபாரம் செய்துவந்த வெள்ளைக்கார மளிகைக்காரருக்கு இது பொறுக்கவில்லை. கோலி விளையாட்டில் சிறுவர்களுக்குள் எழுந்த சண்டை பெரியவர்களின் சண்டையாக முற்றியது. இரவில் கடைக்குள் ஆயுதங்களோடு நுழைந்தவர்களைக் கடைக்காரர்கள் சுட்டார்கள். கைதாகிச் சிறையில் இருந்த மாஸையும், அவருடைய கூட்டாளிகள் மெக்டவல், ஸ்டீவர்ட் இருவரையும் 1892 மார்ச் 9 அதிகாலையில் கும்பல் வெளியே கொண்டுபோய், ரயில் தடத்தின் அருகே சுட்டுக் கொன்றது. பெண்களின் மானத்தைக் காக்கவே இப்படிச் செய்கிறோம் என்பதுதான் தென்மாநிலங்களின் வழக்கமான வாதம். இந்த வழக்கில் எந்தப் பெண்ணும் இல்லை. மளிகைக் கடைதான் இருந்தது.

மாஸின் மகளுக்கு ஞானத்தாயாக இருந்தவர் ஐடா பி. வெல்ஸ். மிசிசிப்பியில் 1862-ல் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்து, ஆசிரியையாக வேலை பார்த்து, அப்போது மெம்பிஸில் ‘ஃப்ரீ ஸ்பீச்’ என்ற இதழின் பங்குதாரராகவும் ஆசிரியராகவும் இருந்தார். நம் உயிருக்குப் பாதுகாப்புத் தராத ஊரைவிட்டு வெளியேறுவோம் என்று அவர் எழுதினார். மக்கள் வெளியேறவும் செய்தார்கள். எஞ்சியவர்கள் டிராம் வண்டிகளில் ஏறுவதை நிறுத்தினார்கள். டிராம் நிறுவன அதிகாரிகள் அவருடைய பத்திரிகை அலுவலகத்துக்கே வந்து, மீண்டும் வண்டியில் ஏறும்படி உங்கள் மக்களிடம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டதை அவர் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். அதே ஆண்டு மே மாதத்தில், அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, அந்த அலுவலகத்தைச் சூறையாடினார்கள். திரும்பி வந்தால் உயிர் மிஞ்சாது என்ற எச்சரிக்கையும் வந்தது.

அவர் நியூயார்க்கில் இருந்தபடி எழுதத் தொடங்கினார். எழுதிய முறையைத்தான் நான் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்லிவந்தேன். கறுப்பினத்தவரின் சாட்சியத்தை யாரும் நம்பமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். எனவே வெள்ளையர் நடத்திய நாளிதழ்கள் பெருமையோடு வெளியிட்ட செய்திகளையே தேதிவாரியாகவும் குற்றச்சாட்டுவாரியாகவும் தொகுத்தார். முந்தைய எட்டு ஆண்டுகளில் கொல்லப்பட்ட 728 பேரில் மூன்றில் ஒரு பங்கினர் மீது மட்டுமே பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டாவது இருந்தது என்று 1892-ல் காட்டினார். அது குற்றச்சாட்டு மட்டுமே, நிரூபணமன்று. மற்றவர்கள் மீது சுமத்தப்பட்டவை திருட்டு, வாய்த்தகராறு, மரியாதைக் குறைவு போன்றவை. கொன்றவர்கள் பக்கத்து ஆவணமே கொன்றவர்களுக்கு எதிரான சாட்சியாயிற்று. 1893-லும் 1894-லும் பிரிட்டனுக்குச் சென்று மேடை மேடையாகப் பேசினார். தென்மாநிலங்களின் பருத்தியை வாங்குகிற நாட்டில் இந்தச் செய்தி பரவியதும், வணிகர்களுக்கு முதன்முறையாக உறைத்தது.

இத்தனைக்கும் நீதிமன்றங்கள் இருந்தனவே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். டென்னசியின் சாட்டனூகா நகரில் 1906-ல் நடந்த எட் ஜான்சன் வழக்கே இதற்கு விடை. வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி அவருக்கு மரண தண்டனை விதித்தது. நோவா பார்டன், ஸ்டைல்ஸ் ஹட்சின்ஸ் என்ற இரண்டு கறுப்பின வழக்கறிஞர்கள், தங்கள் தொழிலையும் உயிரையும் பணயம் வைத்து வழக்கை வாஷிங்டன் வரை கொண்டுசென்று, உச்ச நீதிமன்ற நீதிபதி ஹார்லனிடம் முறையிட்டு, தண்டனைக்கு இடைக்காலத் தடை பெற்றார்கள். மார்ச் 19 அன்று தடை உத்தரவுச் செய்தி ஊருக்கு வந்துசேர்ந்தது. அன்றிரவு சிறையில் ஒரே ஒரு காவலரைத் தவிர வேறு காவலே இல்லாத நிலையை, மாவட்டக் காவல் அதிகாரியான ஷெரிப் ஜோசப் ஷிப் உண்டாக்கியிருந்தார். கும்பல் கதவை உடைத்து ஜான்சனை வால்நட் தெருப் பாலத்துக்கு இழுத்துப்போய்த் தூக்கிலிட்டு, துப்பாக்கிக் குண்டுகளால் துளைத்தது. நீதிபதி ஹார்லனின் பெயரைக் குறிப்பிட்டு, முடிந்தால் வந்து இவனை எடுத்துக்கொள் என்று ஏசும் துண்டுச்சீட்டை உடலில் குத்திவைத்தார்கள். யாருடைய ஆத்திரம் யார்மீது என்பதை அந்தச் சீட்டு சொல்லிவிடுகிறது. உச்ச நீதிமன்றம் தன் வரலாற்றிலேயே ஒரே முறையாக ஒரு குற்ற விசாரணையைத் தானே நடத்தி, 1909-ல் ஷெரிப்பையும் வேறு ஐவரையும் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. ஷெரிப்புக்குக் கிடைத்த தண்டனை 90 நாள் சிறை. விடுதலையாகி ஊர் திரும்பியவரைப் பெருந்திரள் கூடி வரவேற்றது. வழக்கறிஞர்கள் இருவரும் ஊரைவிட்டே போக நேர்ந்தது. ஜான்சன் மீதான தண்டனைத் தீர்ப்பு 2000-ல்தான் ரத்தாயிற்று. ‘நான் நிரபராதி’ என்று கடைசியாகச் சொன்ன அவருடைய சொல் அதற்குள் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவர் கல்லறைக் கல்லில் காத்திருந்தது.

போராட்டத்தின் கதையைத் தங்கள் கட்டுரை நான்கு வரிகளில் முடித்துவிட்டது. அதுவும் எனக்கு வருத்தம். 1909-ல் உருவான, சுருக்கமாக என்.ஏ.ஏ.சி.பி. எனப்படும் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கம் முதலில் செய்த வேலை, ஐடா வெல்ஸின் வழியிலேயே, ஆள் அனுப்பித் தகவல் திரட்டுவதாக இருந்தது. வேகோவுக்கு எலிசபெத் ஃப்ரீமன் என்ற பெண்ணுரிமைப் போராளியை அனுப்பி அந்தப் படங்களைப் பெற்றார்கள். விற்பனைக்கென்று எடுத்த அதே படங்களை, சங்கத்தின் ‘கிரைசிஸ்’ இதழுக்கு ஆசிரியராக இருந்த டு பாய்ஸ் அந்த இதழில் அம்பலப்படுத்தினார். பிறகு வந்தவர் வால்டர் ஒயிட். கறுப்பினத்தில் பிறந்தவராயினும் நீலக் கண்களும் வெளிர் முடியும் கொண்டிருந்ததால் வெள்ளையரைப் போலவே தோன்றுவார். கொலை நடந்த ஊர்களுக்குப் போய், கொன்றவர்களோடு உட்கார்ந்து பேசியே பெயர்களைச் சேகரித்தார். 1919-ல் ஆர்கன்சாவில் அவர் யார் என்பது தெரியவந்துவிட, அவசரமாக ரயிலேறித் தப்பினார். வெள்ளையனாக நடிக்கும் ஒருவனை ஊரார் பிடிக்கப்போகிறார்கள், அந்தக் கூத்தைப் பார்க்காமல் கிளம்புகிறீர்களே என்று நடத்துநர் அவரிடமே வருந்தினாராம். அந்த ரயில் நகரும் வரை அவர் எப்படி அமர்ந்திருந்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

1917 ஜூலை 28 அன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் ஏறத்தாழ 10,000 பேர் ஒரு முழக்கமும் இல்லாமல் நடந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் வெண்ணிற உடையில், ஆண்கள் கருநிற உடையில். அடக்கி வாசித்த முரசொலி மட்டுமே. 1936-லிருந்து ஒவ்வொரு கொலைச் செய்தி வரும்போதும் அதே தெருவிலுள்ள சங்க அலுவலகத்தின் சன்னலுக்கு வெளியே, ‘நேற்று ஒரு மனிதர் கும்பல் கொலைக்கு ஆளானார்’ என்று வெள்ளை எழுத்தில் எழுதிய கருங்கொடியைத் தொங்கவிட்டார்கள். வாடகை ஒப்பந்தம் பறிபோகும் என்ற மிரட்டலால் 1938-ல் அதை இறக்க வேண்டியதாயிற்று. 1930-ல் அட்லாண்டாவில் ஜெஸ்ஸி டேனியல் ஏம்ஸ் என்ற வெள்ளையினப் பெண்மணி தென்மாநிலப் பெண்களைத் திரட்டி, எங்கள் பெயரைச் சொல்லிக் கொல்லாதீர்கள் என்று உறுதிமொழியில் கையெழுத்திடச் செய்தார்; 40,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அவரும்கூட, கும்பல் கொலையைக் குற்றமாக்கும் மத்தியச் சட்டத்தை ஆதரிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தச் சட்டம்தான் எத்தனை முறை மடிந்தது! மிசோரி உறுப்பினர் டயர் 1918-ல் கொண்டுவந்த மசோதா, கைதியைக் காக்கத் தவறும் அதிகாரிக்குச் சிறைத் தண்டனையும், கொலை நடந்த கவுண்டியின் (நம் மாவட்டத்தைப் போன்ற பிரிவு) நிர்வாகம் இறந்தவரின் குடும்பத்துக்கு 10,000 டாலர் தர வேண்டும் என்ற விதியும் கொண்டிருந்தது. 1922 ஜனவரி 26 அன்று பிரதிநிதிகள் சபையில் 231-க்கு 119 என்று நிறைவேறியது. செனட்டில் தென்மாநில உறுப்பினர்கள் நாள்கணக்கில் பேசியே அதைச் சாகடித்தார்கள். 1934-ல் கிளாட் நீல் என்பவரை அலபாமா சிறையிலிருந்து கடத்தி, மாநில எல்லை தாண்டி ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். ஆள்கடத்தலுக்கு அப்போது மத்தியச் சட்டம் இருந்தது. ஆனால் பிணைத்தொகை கேட்டுக் கடத்தவில்லையே என்று காரணம் காட்டி நீதித்துறை ஒதுங்கிக்கொண்டது. தென்மாநில செனட்டர்களின் வாக்குகள் தம் பொருளாதாரத் திட்டங்களுக்குத் தேவைப்பட்டதால் அதிபர் ரூஸ்வெல்ட்டும் இந்த மசோதாக்களுக்காக முன்வந்து வாதாடவில்லை. இவ்வாறு ஏறத்தாழ 200 முயற்சிகள் வீணாயின. கொலைகளின் எண்ணிக்கை குறைந்தது சட்டத்தால் அன்று; இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கு நோக்கி வெளியேறியதாலும், உலகத்தின் கண் அங்கே பதிந்ததாலும், இவர்கள் விடாமல் எண்ணிக்கொண்டிருந்ததாலும்தான். டஸ்கிகீ பதிவேட்டில் ஒரு கொலையும் பதிவாகாத முதல் ஆண்டு 1952.

அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1955 ஆகஸ்டில், 14 வயது எம்மெட் டில்லை மிசிசிப்பியில் கொன்றதைத் தங்கள் கட்டுரை உருக்கமாகவே விவரித்திருந்தது. விட்டுப்போன ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சிறுவனின் உறவினரான மோஸ் ரைட் என்ற முதியவர், வெள்ளையர் நிறைந்த நீதிமன்றத்தில் எழுந்து நின்று, என் வீட்டிலிருந்து பையனை இழுத்துப்போனவர் இவர்தான் என்று விரல் நீட்டிக் காட்டினார். ஜூரிகள் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக எடுத்துக்கொண்டு, குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையர் இருவரையும் விடுவித்தார்கள். சில மாதங்களில் அந்த இருவரும் பணம் பெற்றுக்கொண்டு ஓர் இதழுக்கு அளித்த பேட்டியில் கொலையை ஒப்புக்கொண்டார்கள். அதிலும் ஆத்திரத்தின் சாயல் இல்லை. அந்தச் சிறுவனின் பெயரைத் தாங்கிய சட்டத்தில் அதிபர் பைடன் 2022 மார்ச் 29 அன்று கையெழுத்திட்டார். ஐடா வெல்ஸின் கொள்ளுப்பேத்தி அருகில் நின்றார். கும்பல் கொலைக்கு 30 ஆண்டு வரை சிறை என்று மத்தியச் சட்டம் சொல்வதற்கு, முதல் மசோதா வந்ததிலிருந்து நூற்றாண்டுக்கும் மேல் பிடித்தது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகளோடு மாண்ட்கமரியிலுள்ள நினைவிடத்துக்குச் சென்றேன். 2018 ஏப்ரலில் திறக்கப்பட்டது அது. துருவின் நிறம் கொண்ட 800-க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள், கவுண்டிக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் பெயர்கள். பெயர் தெரியாதவர்களுக்கு, தெரியவில்லை என்றே பொறித்திருக்கிறார்கள். தொடக்கத்தில் தூண்கள் நம் உயரத்துக்கு எதிரே நிற்கின்றன. நடக்க நடக்கத் தரை சரிந்து இறங்க, தூண்கள் தலைக்கு மேலே தொங்குகின்றன. பெயர்களைப் படிக்கக் கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். அன்று கூட்டத்தில் நின்றவர்களும் இப்படித்தானே அண்ணாந்து பார்த்திருப்பார்கள் என்று தோன்றியதும் எனக்குக் கால் நகரவில்லை. சுவரில் சிறு பலகைகள். வெள்ளைக் காவலர் ஒருவரை ‘மிஸ்டர்’ போடாமல் அழைத்ததற்காக 1940-ல் அலபாமாவின் லுவெர்ன் ஊரில் ஜெஸ்ஸி தார்ன்டன். தன்மீது கல்லெறிந்த வெள்ளைக் குழந்தைகளைக் கடிந்துகொண்டதற்காக 1933-ல் பர்மிங்ஹாமில் எலிசபெத் லாரன்ஸ். என் மகள் அந்த இரண்டாவது பலகையை இரண்டு முறை படித்தாள், அவளும் ஆசிரியை.

அந்த நினைவிடம் திறந்த நாளில் மாண்ட்கமரி நகரின் நாளிதழ் ஒரு தலையங்கம் எழுதியது. கும்பல் கொலைகளைப் பற்றி அந்த நாளிதழ் அக்காலத்தில் எழுதிய விதம் வெட்கத்துக்குரியது என்றும், கொல்லப்பட்டவர்களைக் குற்றவாளிகளாகவே எண்ணி எழுதியது தவறு என்றும் அது மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. பத்திரிகைச் சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதை அவர்கள் காலம் கடந்தேனும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தாங்கள் வெளியிட்ட வேகோ படத்தின் கீழே ‘ஆத்திரமடைந்த கும்பலால் எரித்துக் கொல்லப்பட்ட இளைஞர்’ என்று குறிப்பு இருக்கிறது. திருத்தம் வெளியிடும் பகுதியில் அதை மாற்றி, ‘ஜெஸ்ஸி வாஷிங்டன், வயது 17. வேகோ நகரத்தவர், மேயரும் காவல் துறைத் தலைவரும் பார்த்திருக்க, நகர மன்றத்தின் முன்னால் இவரைக் கொன்றார்கள். 1916 மே 15’ என்று அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்